வாழைப்பழத்தோடு இறங்கிய வாக்குச் சீட்டு

போன வாரம் திரி போன் செய்தாள். நான் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்த ஹாலை இப்போது நடத்துகிறவள் அவள்தான். எடுத்த எடுப்பிலேயே ஒரே புலம்பல்.

"சயா, நாப்பது பேர் திரையில உக்காந்திருந்தாங்க. ‘இத ஒத்துக்காதவங்க பொத்தானை அழுத்துங்க’ன்னு சொன்னேன். ஒருத்தரும் அழுத்தல. நான் சொன்னது வேணும்னே தப்பு சயா! அமெரிக்க ஜனாதிபதிய நீதிபதிங்கதான் உக்காந்து தேர்ந்தெடுக்கிறாங்கன்னு சொன்னேன். அதுக்கும் தலையாட்டுறாங்க!"

நான் சிரித்த சிரிப்பில் என் மனைவி அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்துவிட்டாள். யாராவது செத்துப்போனார்களா என்று கேட்டாள். இல்லை, இன்னும் யாரும் மாறவில்லை என்றேன்.

"சிரிக்காதீங்க சயா. உங்க காலத்துல எப்படிச் சமாளிச்சீங்க? எழுதிக் குடுங்க."

எழுதுகிறேன். ஆனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாங்கள் சமாளிக்கவே இல்லை. தோற்றோம். ஆறுக்கு ஐந்து என்று அழகாகத் தோற்றோம். அந்தத் தோல்வியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு நிறைந்துவிடுகிறது. ஏன் வயிறு என்பது கடைசியில் தெரியும்.

சயா என்றால் ஆசிரியர். யாங்கூனில் நாலு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் யாரும் சயாதான். உண்மையில் நான் நாற்காலி போடுகிறவன், தேநீர் ஊற்றுகிறவன், ஒருவர் பேசுவதை இன்னொருவருக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறவன். என் பெயர் நாகலிங்கம். பர்மியர்களுக்கு அது நீளம் என்பதால் கோ நாகா. அப்பா துறைமுகத்தில் சரக்குப் பட்டியல் எழுதியவர். ஆங்கிலம் அவர் கொடுத்தது. தமிழ் அம்மா கொடுத்தது, பர்மிய மொழி தெரு கொடுத்தது. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் குமாஸ்தாவாக இருந்தேன், ஒரு அச்சகத்தில் பிழை திருத்தினேன். அப்புறம் ஒரு சனிக்கிழமை மழைக்கு ஒதுங்கப் போய் ஹாலில் மாட்டிக்கொண்டேன்.

ஹால் இருந்தது யாங்கூனின் பசுந்தாங் பேட்டையில், ஓடைப் பக்கம் போகிற தெருவில், ஆறு மாடிக் கட்டிடத்தின் முதல் மாடியில். முப்பது நாற்காலி, நாலு அலமாரி. அலமாரி முழுக்க அமெரிக்கச் சட்டமும் வரலாறும். ஹாலை நடத்திய டோ டின் மியாவின் அப்பா வக்கீலாக இருந்து சேர்த்து வைத்த புத்தகங்கள். எந்தத் தூதரகமும் எங்களுக்குச் சொந்தமில்லை. அப்பா போன பிறகு புத்தகங்கள் சும்மா கிடந்து பூச்சி அரிக்கிறதே என்று அந்த அம்மாள் சனிக்கிழமைதோறும் ஆட்களைக் கூப்பிட்டுப் பேச வைத்தார். அமெரிக்க ஜனநாயகத்தைப் பற்றி மட்டும்தான் பேச வேண்டும் என்பது விதி. நாங்களும் அமெரிக்காவைப் பற்றித்தான் பேசினோம். ஆனால் தண்ணீர்க் குழாய், குப்பை வண்டி, தெருவிளக்கு என்று எப்படியோ எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

டோ டின் மியாவை நாங்கள் சயாமா என்போம். ஐந்தடிகூட இருக்கமாட்டார். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டை அரைத்த பூச்சு, கையில் ஒரு பித்தளை மணி. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இன்னும் கோபம் வந்தால் கையை நீட்டி உங்கள் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, அதையும் துடைத்துக் கொடுத்து, "இப்ப நல்லாத் தெரியுதா?" என்பார். அந்த இருபத்தேழு வருஷத்தில் என் கண்ணாடி அழுக்காக இருந்ததே கிடையாது.

அவருடைய முறைகளைத் திரிக்காக எழுதி வைக்கிறேன். நாற்காலிகள் வட்டமாக இருக்க வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் கடைசி வரிசையைத்தான் முதலில் நிரப்புவார்கள், வட்டத்துக்குக் கடைசி வரிசை கிடையாது. நடுவில் நின்று ஒரு கயிற்றைச் சுற்றி அளந்துதான் நான் நாற்காலி போடுவேன். முதல் ஒரு மணி நேரம் விளக்கம், அப்புறம் பேச்சு. மொழிபெயர்க்கிறவருக்கு நாற்காலி கிடையாது, கருத்தும் கிடையாது. வட்டத்துக்கு வெளியே நின்றுகொண்டு மற்றவர் வார்த்தையை மட்டும் சுமக்க வேண்டும். கடைசி விதிதான் முக்கியம். மூன்று பேராவது "நான் ஒத்துக்கல" என்று சொன்ன பிறகுதான் தேநீர்.

இந்தக் கடைசி விதி எங்களை என்ன பாடு படுத்தியது தெரியுமா! எங்கள் ஊரில் ஆனாடே என்று ஒன்று உண்டு. எதிரில் இருக்கிறவர் மனசு நோகுமே என்று கூசி, சொல்ல வந்ததை விழுங்கிவிடுவது. அதற்குத் தமிழில் ஒற்றைச் சொல் எனக்குத் தெரியவில்லை, ஆனால் அந்த வியாதி யாங்கூன் தமிழர்களுக்கும் நன்றாகவே பிடித்திருக்கிறது. நாலு மணி ஆகும், பசிக்கும், கெட்டில் கொதிக்கும், நான் அதன் பக்கத்தில் காவல் நிற்பேன். ஒருவரும் மறுக்கமாட்டார். கடைசியில் பின்மண்டையைச் சொறிந்துகொண்டே யாராவது எழுந்து, "இன்னிக்கு வியர்க்குதுன்னு சொன்னாங்க, நான் அத ஒத்துக்கல" என்பார். அது ஒன்று என்று சயாமா எண்ணிக்கொள்வார்.

தேநீருக்காக இல்லாமல் மனசாரச் சண்டை போட்டவர் ஒரே ஒருவர்தான், காசிம் பாய். ஹாலுக்கு நேர் மேலே இரண்டாம் மாடியில் குடியிருந்தார். மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் மளிகைக் கடை. அவர் பாட்டன் காலத்தில் தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்து வந்த குடும்பம். என்னை அண்ணே என்பார், ஆனால் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். கேட்டால் மரியாதைக்கு வயது பார்க்கக்கூடாது என்பார். பெரிய மாநிலமானாலும் சின்ன மாநிலமானாலும் செனட்டில் இரண்டே இரண்டு பேர்தான் என்று சயாமா விளக்கிய அன்று குதித்து எழுந்தார்.

"அதென்ன நியாயம்? அப்ப யாங்கூனுக்கும் ரெண்டு பேரு, மாவ்பிக்கும் ரெண்டு பேரா? மாவ்பியில மாட்டையும் சேத்து எண்ணுவாங்களா?"

மாவ்பியிலிருந்து பஸ் பிடித்து வருகிற காய்கறிக்காரர் ஒருவர் அன்றைக்கு வட்டத்தில் இருந்தார். பதிலுக்கு அவர் சிரித்துக்கொண்டே, "எங்க மாடு உங்கள மாதிரி கத்தாதுங்க" என்றார். தேநீருக்கு இரண்டு மறுப்பு கிடைத்துவிட்டது, இன்னும் ஒன்றுதான் என்று நான் கெட்டிலை அடுப்பில் ஏற்றினேன்.

ஜூரி பற்றிப் பேசிய சனிக்கிழமையை மறக்க முடியாது. பன்னிரண்டு பேரை உட்கார வைத்து, சைக்கிள் திருடியதாக ஒருவன் மேல் வழக்கு என்று சயாமா ஒரு கதை எழுதியிருந்தார். ஆறு பக்கம். நான் முதல் பக்கத்தைத்தான் வாசித்து முடித்தேன். குற்றச்சாட்டு மட்டும்தான் வந்திருக்கிறது, சாட்சிகூட இன்னும் வரவில்லை. ஜூரிகளின் தலைவராக உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சர் எழுந்து, "நாங்க எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்துட்டோம் சயாமா" என்றார்.

"என்ன முடிவு?"

"மத்தவங்க என்ன முடிவோ அதான்."

"குற்றவாளியா, இல்லையா?"

பன்னிரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீங்க எது சொன்னாலும் சரிங்க" என்றார் டீச்சர்.

சயாமா கண்ணாடியைத் துடைத்தார். அங்கே ஜூரியில் ஒரே ஒருவர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் மற்ற பதினோரு பேரும் மறுபடி உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும், ஒரு மனுஷனின் ‘இல்லை’க்கு அவ்வளவு பலம் என்று விளக்கினார். அப்படி யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். ஒரு பெரியவர் மெதுவாகக் கையைத் தூக்கினார். ஹாலே கை தட்டியது.

"எனக்கு ஒத்துக்க முடியல" என்றார் பெரியவர். உடனே இரண்டு பக்கமும் பார்த்தார். "ஆனா யாருக்காவது சங்கடமா இருந்தா வாபஸ் வாங்கிக்கிறேன்."

என் தொழிலில் எனக்குப் பெரிய அடி விழுந்தது ஓர் அமெரிக்க அம்மாள் வந்த அன்றைக்கு. சின்ன ஊர் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்று, ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர். அவருடைய ஊரில் வருஷத்துக்கு ஒருமுறை ஊர்க்காரர்கள் எல்லாரும் ஒரு கூடத்தில் கூடுவார்களாம். பனி அள்ளும் வண்டி புதிதாக வாங்கலாமா வேண்டாமா என்பதுகூட அங்கே எழுந்து நின்று சண்டை போட்டுத்தான் முடிவாகுமாம். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் பர்மிய மொழியில் சொன்னேன். காசிம் பாய் எழுந்தார்.

"அந்தம்மா சொல்றதுல பாதி ரீலு. ஊரே கூடி எதுத்துப் பேசிட்டு, மறுநாளு எப்படி ஒருத்தன் மூஞ்சில ஒருத்தன் முழிப்பான்? கேளுங்க."

வந்தவர் விருந்தாளி. அதுவும் கடல் தாண்டி வந்த விருந்தாளி. அவரைப் பார்த்து ரீல் என்பதா? நான் புன்னகைத்துக்கொண்டே ஆங்கிலத்தில், "உங்கள் அருமையான உரைக்கு இவர் நன்றி சொல்கிறார், உங்கள் ஊர் மக்கள் ஒற்றுமையாக வாழ வாழ்த்துகிறார்" என்றேன். அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னார். காசிம் பாய்க்குக் கடைக்காரர் ஆங்கிலம் தெரியும் என்பதை நான் மறந்துவிட்டேன்.

"அட அண்ணே! நான் எங்க வாழ்த்துனேன்?" என்று தமிழில் கத்தினார்.

சயாமா கையை நீட்டினார். என் கண்ணாடியைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் துடைத்தார். "கோ நாகா, அந்த மனுஷன் வீட்டுலேருந்து ஒரு ‘இல்லை’ கொண்டு வந்திருந்தாரு. எவ்வளவு கஷ்டப்பட்டுக் கொண்டு வந்திருப்பாரு! அத நீங்க வழியிலேயே திருடிட்டீங்க. திருப்பிக் குடுங்க."

எல்லார் முன்னாலும், ரீல் உட்பட, ஒரு வார்த்தை விடாமல் மறுபடி மொழிபெயர்த்தேன். அமெரிக்க அம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "மறுநாளே அவன் வீட்டில் போய் ஏணி இரவல் கேட்க வேண்டியிருக்கும், முழித்துத்தான் ஆக வேண்டும்" என்றார். காசிம் பாய்க்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துவிட்டது. அன்று மாலை வரை ஏணி, ஏணி என்று சொல்லிக்கொண்டே திரிந்தார்.

இனி அந்தத் தேர்தலுக்கு வருகிறேன்.

எனக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. கட்டிடத்தின் சொந்தக்காரர் மாவ்பியில் தோட்டம் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தார். ஒருநாள் தலையைக் குனிந்துகொண்டே வந்து ஒரு கடிதத்தை நீட்டினார். கையெழுத்து இல்லாத கடிதம். ‘சனிக்கிழமைச் சத்தம் தாங்க முடியவில்லை. யார் மனமும் நோகாதபடி ஹாலை வேறு இடத்துக்கு மாற்ற ஏற்பாடு செய்யவும். தொந்தரவுக்கு மன்னிக்கவும்’ என்று இருந்தது.

"எனக்கு ஒன்னுமில்ல சயாமா" என்றார் அவர், வேர்த்து விறுவிறுத்து. "கட்டிடத்துல பதினோரு வீடு இருக்கு. பாதிக்கு மேல சரின்னு சொன்னா எத்தன வருஷம் வேணாலும் இருங்க. இல்லேன்னா மழைக்கு முன்னாடி..." அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை.

எனக்கு உயிரே போய்விட்டது. அந்த நாலு அலமாரியைத் தூக்கிக்கொண்டு சயாமா எங்கே போவார்? அவர் வீட்டில் ஒரு அலமாரிகூட நிற்காது. நான் எங்கே போவேன்? சனிக்கிழமை இல்லையென்றால் எனக்கு வாரமே கிடையாது. ஆனால் ஒரு நிமிஷத்தில் வழி தோன்றிவிட்டது. துள்ளிக்கொண்டு சொன்னேன்.

"ஒன்னும் கவலப்படாதீங்க சயாமா. நீங்களும் நானும் படியேறி ஒவ்வொரு கதவாத் தட்டுவோம். ‘நாங்க இருக்கலாமா’ன்னு மூஞ்சிக்கு நேரா கேப்போம். பதினோரு வீடும் ‘யாபாடே’ன்னு சொல்லிடும்."

யாபாடே என்றால் பரவாயில்லை. எங்கள் ஊரில் காலை மிதித்தாலும் யாபாடேதான்.

சயாமா கையை நீட்டினார். நான் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன்.

"போன மாசம் நாம என்ன பேசினோம்?"

எனக்கு ஞாபகம் இருந்தது. அமெரிக்காவிலேயே ஒரு காலத்தில் பல ஊர்களில் ஓட்டுப் போடுவது என்றால் எல்லார் முன்னாலும் வாயால் உரக்கச் சொல்வதுதான். வேட்பாளர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், பெயரைச் சொன்னவருக்கு அங்கேயே நன்றியும் சொல்வார். கடன் கொடுத்தவரும் முதலாளியும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ரகசியச் சீட்டு முறை அப்புறம்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து அவர்களிடம் வந்து சேர்ந்தது.

"மூஞ்சிக்கு நேரா கேட்டு வாங்குற சரி, சரியே இல்ல கோ நாகா" என்றார் சயாமா. "இருபத்தேழு வருஷமா இத ஊருக்குச் சொல்லிட்டு, நமக்குன்னு வரும்போது கதவத் தட்டவா? ரகசியச் சீட்டுதான்."

"தோத்துடுவோம் சயாமா!"

"தோப்போம்" என்று என் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார்.

சீட்டை எப்படி வாங்குவது? மாடிக்குப் போனால் முகம் பார்க்க வேண்டும். கீழே வரச் சொன்னால் முட்டி வலிக்காரர்கள் வரமாட்டார்கள். அப்போதுதான் எனக்கு மணிக் கயிறு ஞாபகம் வந்தது. யாங்கூன் தெருக்களில் நடந்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு மாடி பால்கனியிலிருந்தும் தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும். நுனியில் கிளிப், மேலே ஒரு சின்ன மணி. கீழிருந்து இழுத்தால் வீட்டில் மணி அடிக்கும். பேப்பரோ காய்கறியோ கிளிப்பில் மாட்டினால் மேலே இழுத்துக்கொள்வார்கள். முகமும் பார்க்க வேண்டாம், படியும் ஏற வேண்டாம். சயாமாவுக்கே இந்த யோசனை பிடித்துப்போய் மணியை ஒரு ஆட்டு ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பிஸ்கட் டப்பா ஒன்றின் மூடியில் ஓட்டை போட்டுப் பூட்டிக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றேன். ஹால் இருக்கலாம் என்றால் வட்டம், போகட்டும் என்றால் பெருக்கல் குறி, சீட்டை நாலாக மடிக்க வேண்டும் என்று சொல்லி, முந்தின நாளே சீட்டுகளைக் கயிற்றில் மாட்டி மேலே அனுப்பியிருந்தேன். கீழே வெற்றிலைக் கடை போட்டிருந்த மா ஏ எதிர்த்தெருக்காரி, அவளுக்கு ஓட்டு இல்லை. அதனால் வர்ணனை முழுக்க அவள் பொறுப்பு.

முதல் கயிற்றை இழுத்தேன். மேலே மணி அடித்தது. சீட்டு மட்டும் இறங்கியது. டப்பாவில் போட்டேன். இரண்டாவது கயிறு இறங்கியபோது சீட்டோடு ஒரு சீப்பு வாழைப்பழமும் இறங்கியது.

"பாத்தீங்களா சயா, எவ்வளவு பாசம்!" என்றாள் மா ஏ.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்து சீட்டோடு ஒரு பை மொஹிங்கா, சூடாக, குழம்பும் சேமியாவும் தனித்தனியாகக் கட்டி. அப்புறம் தின்பதற்கு ஊறவைத்த தேயிலை ஒரு பொட்டலம். சுரைக்காய் பஜ்ஜி. ரவைக் கேக். நடுநடுவே சில வெறும் சீட்டுகளும் வந்தன. பொறாமை பிடித்தவர்கள், ஒரு வாழைப்பழம்கூடக் கிள்ளித் தர மனசில்லாமல் எதிராகப் போட்டிருக்கிறார்கள் என்று அந்த வீடுகளின் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கடைசியாகக் காசிம் பாயின் கயிறு. சீட்டோடு எட்டு உருளைக்கிழங்கு சமூசா!

நான் எண்ணிப் பார்த்தேன். பதினோரு சீட்டில் ஆறு பொட்டலம். ஆறு! பாதிக்கு மேல்!

"செயிச்சாச்சு!" என்று மா ஏயிடம் சொல்லிவிட்டு, டப்பா ஒரு கையிலும் பொட்டலங்கள் கழுத்திலும் தோளிலும் தொங்க, படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன். அறுபத்து மூன்று வயது முட்டி அன்றைக்கு எங்கே போயிருந்ததோ தெரியவில்லை.

மேஜையில் பொட்டலங்களைப் பரப்பினேன். சயாமா பூட்டைத் திறந்தார். வட்டம் ஒரு பக்கம், பெருக்கல் ஒரு பக்கம் என்று அடுக்கினார். நான் சிரித்துக்கொண்டே நின்றேன். வட்டம் ஐந்தோடு நின்றுவிட்டது. பெருக்கல் ஆறு.

"தப்பா இருக்கும், திரும்ப எண்ணுங்க" என்றேன்.

எண்ணினார். ஆறு பெருக்கல். அவர் மேஜையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வாழைப்பழம், மொஹிங்கா, தேயிலை, பஜ்ஜி, கேக், சமூசா. ஆறு பொட்டலம்.

ஐயோ என் மக்களே! வேண்டாம் என்று எழுதினார்கள், எழுதிவிட்டு மனசு கேட்காமல் பலகாரத்தையும் கூடவே இறக்கியிருக்கிறார்கள். ரகசியச் சீட்டை ஆஸ்திரேலியாக்காரனும் அமெரிக்காக்காரனும் எத்தனை யோசித்துச் செய்திருப்பார்கள். வாக்குச் சீட்டோடு வாழைப்பழம் வரும் என்று எவனாவது யோசித்திருப்பானா?

சயாமாவுக்கு முதலில் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்தால் சிரிப்பு. கண்ணாடி நழுவி மேஜையில் விழுகிற அளவுக்குச் சிரிப்பு. "ஆறு கோ நாகா! ஆறு ‘இல்லை’! இத்தன வருஷமா மூணு மறுப்புக்கு நான் கெட்டிலக் காட்டி மிரட்டினேன். இன்னிக்கு ஆறு பேரு அவங்களாவே குடுத்திருக்காங்க, தேத்தண்ணி கேக்காம! பலகாரமும் அவங்களே போட்டு!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சமூசாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். காசிம் பாய்! சனிக்கிழமை தவறாமல் வந்து என்னோடு சண்டை போடுகிற காசிம் பாய். அப்புறம்தான் உறைத்தது. அவர் மனைவி ஆயிஷா அக்கா இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கை. மத்தியானம்தான் கொஞ்சம் கண் அயர்வார். அவர் கட்டிலுக்கு நேர் கீழே நாங்கள் முப்பது நாற்காலியை இழுத்துப் போட்டு, மணி அடித்து, கை தட்டிக்கொண்டிருந்தோம். செனட்டைப் பற்றி அந்த மனுஷனால் குதிக்க முடிந்தது. என் பெண்டாட்டி தூங்கணும் என்று என்னிடம் சொல்ல முடியவில்லை. அக்காவுக்கு எப்படி இருக்கிறது என்று நான் வாராவாரம் கேட்டேன், அவரும் யாபாடே, யாபாடே என்றார், நானும் நம்பினேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

சயாமா சட்டென்று நிமிர்ந்தார். "கதவ மூடுங்க! எந்தப் பொட்டலம் எந்த வீடுன்னு உங்களுக்குத் தெரியும், மா ஏக்குத் தெரியும். வேற யாரும் வந்து பாக்கக்கூடாது. ரகசியம் ரகசியமா இருக்கணும்."

"என்ன பண்றது?"

"சாப்பிடுங்க. சாட்சியம் ஒன்னுகூட மிஞ்சக்கூடாது."

சாப்பிட்டோம். இரண்டு பேர், ஆறு வீட்டுப் பலகாரம். மொஹிங்காவுக்கு மேல் கேக், கேக்குக்கு மேல் பஜ்ஜி. சயாமா இவ்வளவு சின்ன உடம்பில் அத்தனையையும் எங்கே வைத்தார் என்று எனக்குப் புரியவில்லை. எட்டு சமூசாவில் ஆறை நான்தான் தின்றேன், அது என் கடன் என்று தோன்றியது. கடைசி வாழைப்பழத்தைத் தோலோடு என் பையில் திணித்துவிட்டு, மா ஏயிடம் போய் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அதற்குள் சயாமா பால்கனிக்குப் போய் மணியை அடித்து, தெருவே கேட்க அறிவித்தார்.

"ஆறுக்கு அஞ்சு! ஹால் தோத்துடுச்சு! எல்லாருக்கும் ரொம்ப நன்றி!"

கட்டிடத்தின் ஆறு மாடியிலும் திரைச்சீலை அசைந்தது. எங்கிருந்தோ ஒருவர் கை தட்ட ஆரம்பித்து, பாதியில் ஆனாடே வந்து நிறுத்திக்கொண்டார்.

ஆறில் ஒரு வீட்டின் பெயரை மட்டும் நான் இங்கே எழுதியிருப்பது, காசிம் பாயே இப்போது ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார் என்பதால்தான். மற்ற ஐந்தைத் திரி கேட்டாலும் சொல்லமாட்டேன். தேர்தல் முடிந்த மறுநாளே பாய் என்னிடம் வந்து நின்றார். கண்ணைப் பார்க்கவில்லை.

"அண்ணே, மிங்கலா தாங்ஞுன்ட்டுல நம்ம கடைக்கு மேல மாடி சும்மாத்தான் கெடக்கு. கீழ மிளகா அரைக்கிற மிஷின் ஓடும். நீங்க என்ன கத்தினாலும் ஒருத்தன் காதுலயும் விழாது." குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "சமூசா நல்லா இருந்துச்சா?"

"உப்புக் கொஞ்சம் கம்மி பாய்" என்றேன். அவர் தலை நிமிர்ந்தது. பத்து வருஷத்தில் அவர் வீட்டுப் பலகாரத்தை நான் குறை சொன்னது அதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் தெருவில் நின்று சிரித்தோம். அக்காவைப் பார்க்க அன்றைக்கே மாடியேறினேன்.

வேண்டாம் என்றவர்களும் வேண்டும் என்றவர்களும் சேர்ந்துதான் புத்தகங்களை இறக்கினார்கள், சின்னக் கட்டுகளைக் கயிற்றில் கட்டி, பெரியவற்றைத் தலையில் வைத்து. புது மாடியில் நான் கயிறு வைத்து அளந்து வட்டம் போட்டு முடித்தபோது சயாமா மணியை என் கையில் வைத்தார்.

"இனிமே நீங்கதான் பொறுப்பு கோ நாகா. எனக்கு முடியல. நீங்களே நடத்துங்க, நான் ஓரமா உக்காந்துக்கிறேன்."

"சரிங்க சயாமா" என்றது என் வாய். என்னைக் கேட்காமலே சொன்னது.

வீட்டுக்குப் போய் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு அந்தப் பொறுப்பு வேண்டாம். இருபத்தேழு வருஷம் வட்டத்துக்கு வெளியே நின்று ஊரார் கருத்தைச் சுமந்தாயிற்று. செனட்டைப் பற்றி எனக்கும் ஒரு கருத்து உண்டு. ஜூரியைப் பற்றி இரண்டு உண்டு. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து என் வாயால் என் பேச்சைப் பேச வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

"வேணாம்னா வேணாம்னு சொல்லிட வேண்டியதுதானே?" என்றாள் என் மனைவி.

"சயாமாகிட்டயா? எப்படிடி சொல்றது?"

மறுநாள் காலை ஹாலுக்குப் போனேன். சயாமா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பார்வை என் முகத்திலிருந்து என் கைக்கு இறங்கியது. அங்கேயே நின்றது. நானும் குனிந்து பார்த்தேன். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். வழியில் எப்போது வாங்கினேன் என்று சத்தியமாக எனக்கு ஞாபகம் இல்லை.

சயாமாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. நானும் பழத்தை நீட்டிவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தேன்.

"நில்லுங்க" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை நீட்டி என் கண்ணாடியை வாங்கித் துடைத்து, அவரே என் காதில் மாட்டிவிட்டார். "பழம் சொன்னா செல்லாது கோ நாகா. வாயத் தொறந்து சொல்லுங்க."

சொன்னேன்.

"முடியாது சயாமா. எனக்கு ஒரு நாற்காலி வேணும்."

அவர் மணியை எடுத்து அடித்தார். கீழே மிளகாய் மிஷினை நிறுத்திவிட்டுக் காசிம் பாய், என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று படியேறி ஓடி வந்தார். சயாமா எழுந்து, ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்த தன்னுடைய நாற்காலியை இரண்டு கையாலும் இழுத்து வந்து வட்டத்துக்குள் எனக்குப் போட்டார்.